பசுவுக்குப் பசிக்கும்

வெள்ளவத்தையில் என்னைத் தெரிந்தவர்கள் கோயில் வாசலில் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், அமாவாசையில பசுவுக்கு அகத்திக்கீரை குடுத்தால் பிதிர்தோசம் தீருமாமே, உண்மையோ?" நான் கால்நடை வைத்தியனாக மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோசம் தீருமா என்பதை ஐயரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கீரையைத் தின்ற பசுவுக்கு என்ன ஆனது? கொடுத்தவருக்குச் சேரும் புண்ணியக் கணக்கில் அந்தப் பசுவின் வயிறு எந்த இடத்தில் வருகிறது?

இது வைத்தியனின் கேள்வி என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது சமயத்தின் கேள்வி. இவ்வளவு காலம் மாட்டுத் தொழுவங்களில் நின்று யோசித்ததில் எனக்கு ஓரளவு தெளிந்தது இந்த ஒன்றுதான். அதையே எழுதுகிறேன்.

கொழும்பில் ஒரு கோயில். பட்டிப் பொங்கலன்று இரவு எனக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தபோது செம்மறை நிறப் பசு ஒன்று தொழுவத்தில் படுத்துக் கிடந்தது. நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது, கழுத்தில் காலையில் போட்ட மாலை. இடது அள்ளையில் முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சுகமாக இருக்கும் பசுவின் இரைப்பை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது உருண்டு வந்து முட்டியை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இங்கே அசைவே இல்லை. மெல்லக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. கண் குழி விழுந்திருந்தது. சாணகம் நீராய்ப் போய்ப் புளித்த வாடை அடித்தது. விசாரித்தேன். விடியற்காலையில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் சர்க்கரைப் பொங்கலும் கதலிப் பழமும் வெண்சோறும் ஊட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு கையளவுதான். கைகள்தான் பல.

மாட்டின் முதல் வயிறு புல்லுக்காக அமைந்தது. அதற்குள் கோடானுகோடி நுண்ணங்கிகள் குடியிருந்து, நம்மால் செரிக்க முடியாத நாரை உடைத்துக் கொடுக்கின்றன. அங்கே சோறும் சர்க்கரையும் மொத்தமாக விழுந்தால், மாப்பொருளைத் தின்னும் பற்றீரியாக்கள் மட்டும் பெருகி லக்டிக் அமிலத்தைக் கொட்டும். 6க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டிய பி.எச். அளவு 5க்கு இறங்கும். நார் தின்னும் நுண்ணங்கிகள் செத்துப்போகும். உடம்பில் இருக்கும் நீரையெல்லாம் வயிறு தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். சோடா மாக் கரைசலும் சேலைனும் கொடுத்துப் பார்த்தேன். விடியுமுன் பசு இறந்துவிட்டது. ஊரில் வேலை பார்த்த காலத்திலும் பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கால்நடை வைத்தியசாலை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் பரோட்டாவை அளவுக்கு மீறித் தின்று 5 பசுக்கள் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு இந்தத் தொழுவம்தான் கண்முன் வந்தது.

அன்று கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எல்லாரும் அன்பாக் குடுத்ததுதானே டொக்டர். அன்பாக் குடுத்தது எப்பிடி நஞ்சாகும்?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நம்முடைய சைவத்தின் நடுப்பகுதியில் இருந்து எழுந்து வரும் கேள்வி. திண்ணனார் என்ற வேடர் வாயில் அதுக்கிச் சுவை பார்த்த இறைச்சியைக் காளத்தியப்பருக்குப் படைத்தார். வாயில் கொண்டுவந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டினார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் பதறிப்போனார். இறைவனோ வேடர் கொடுத்ததை ஏற்று, அவரைக் கண்ணப்பர் ஆக்கினார். பொருள் எதுவானாலும் அன்பு இருந்தால் போதும் என்பதைச் சின்ன வயதிலேயே இந்தக் கதையால் நமக்கு ஊட்டிவிட்டார்கள். சரியான பாடம்தான். அதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை.

ஆனால் காளத்தியப்பருக்குப் பசி கிடையாது. அவருக்குக் குறை ஒன்றும் இல்லாதபடியால்தான் நாம் எதைக் கொடுத்தாலும் அதிலுள்ள அன்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அவரால் முடிகிறது. பசுவால் அது முடியாது. அது கொடுத்தவரின் மனத்தைத் தின்பதில்லை; கொடுத்த பொருளைத்தான் தின்கிறது. இறைவனுக்குக் கொடுப்பதன் அளவுகோல் கொடுப்பவரிடம் இருக்கிறது. உயிருக்குக் கொடுப்பதன் அளவுகோல் அந்த உயிரிடம் இருக்கிறது. பசுவைத் தெய்வம் என்று கும்பிடும் நாம், தெய்வத்துக்குப் பசிக்காது என்ற உண்மையையும் அதன்மேல் ஏற்றிவிட்டோம். எங்கள் வழிபாட்டில் நடந்த பிழை இதுதான் என்று நினைக்கிறேன். கும்பிடுவதில் பிழை இல்லை. கும்பிட்ட கையோடு அதன் பசியை மறந்ததில்தான் பிழை.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். மன்னாரில் என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்கர். சாந்த லூசியா பேராலயத்துக்குக் கிட்ட வீடு. இதை அவரிடம் சொன்னபோது வேதாகமத்தை எடுத்து வந்தார். சூடு மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று மோசேயின் சட்டத்தில், உபாகமத்தில், ஒரு விதி இருக்கிறது. சூடடித்த களத்தைப் பார்த்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது அப்படியே விளங்குகிற விதி: நாள் முழுக்க வைக்கலையும் நெல்லையும் மிதித்துச் சுற்றிவரும் மாடு, குனிந்து ஒரு வாய் எடுத்தால் தடுக்காதே. பல நூற்றாண்டுக்குப் பிறகு புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இந்த விதியை எடுத்து, கடவுள் மாட்டைப் பற்றியா கவலைப்படுகிறார், இது நமக்காகச் சொன்னதல்லவா என்று திருப்பிவிடுகிறார். ஊழியம் செய்பவருக்கு அதன் பலனில் பங்கு உண்டு என்பது அவருடைய வாதம். "பவுல் சொன்னது சரி ஐசே, ஆனா மாட்டையும் விட்டிருக்கக் கூடாது" என்றார் சிநேகிதர். விசுவாசி ஒருவர் வாயில் இருந்து வந்த அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். இரண்டு சமயத்திலும் ஒன்றுதான் நடந்திருக்கிறது. மாடு ஏதோ ஒன்றுக்கு அடையாளமாகிப் போனது. அதன் வாய் மறைந்து போனது.

கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்திலும் றெயில் பாதை ஓரத்திலும் கினிப்புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும். இங்கே இருந்து பார்த்தால் புல் என்பது எப்போதும் இருக்கும் ஒன்று. வெட்டிக் கொடுத்தால் முடிந்தது. மன்னார் அப்படி இல்லை. அங்கே 1,250 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியில் இருந்து சோளகம் அடிக்கத் தொடங்கினால் தரை வெளுக்கும். ஆவணியில் போய்ப் பாருங்கள். மாடு மேய்ந்துகொண்டுதான் இருக்கும். அதன் வயிறும் நிறைந்துதான் இருக்கும். ஆனால் விலா எலும்பை எண்ணலாம்.

மன்னாருக்கு வேலைக்குப் புதிதாகப் போனபோது எனக்கு அது புதிராக இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தது அங்கேதான் விளங்கியது. மழை விழுந்து இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும் இளம் புல்லில் உலர் எடையில் 10 வீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். பூத்து, விதை கொட்டி, காய்ந்து நிற்கும் அதே புல்லில் 4 வீதம், சிலவேளை அதற்கும் கீழே. வைக்கலும் இந்தக் கணக்குத்தான். 7 வீதம் என்பது ஒரு வரம்பு. அதற்குக் கீழே போனால் இரைப்பையின் நுண்ணங்கிகளுக்கு நைதரசன் போதாது, அவை பெருகுவதில்லை. அவை பெருகாவிட்டால் நார் உடைவதில்லை. உடையாத நார் வயிற்றை விட்டு நகராமல் கிடக்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் தின்னாது. புல்லுக்கு நடுவில் நின்று, நிறைந்த வயிற்றோடு, மாடு பட்டினியில் மெலியும். தரையில் புல் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்தப் புல்லில் என்ன இருக்கிறது என்பதுதான் முழுக் கேள்வி.

மட்டக்களப்பில் பட்டிக்காரர் ஒருவரிடம் இந்த 7 வீதக் கதையை நான் விளங்கப்படுத்தியபோது அவர் பேசாமல் எழும்பிப்போய் பட்டிக்குள் கிடந்த சாணகத்தைக் காட்டினார். "இஞ்ச பாருங்க ஐயா." வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது போல், கெட்டியாக, உள்ளே நார் அப்படியே தெரிய உலர்ந்திருந்தது. அது ஆவணிச் சாணகம். தையில் இதே மாடு போடும் சாணகம் தரையில் பரந்து, நடுவில் சின்னக் குழியோடு கிடக்கும் என்றார். நான் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அறிய வேண்டியதை அவர் காலையில் பட்டி திறக்கும்போதே அறிந்துவிடுகிறார். எந்த மாடு எந்தச் செடியில் வாய் வைக்கிறது, எந்த மரத்தின் காய் உதிரும் காலம் எது, எந்த மடுவில் தண்ணீர் கடைசியாக வற்றும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அதை அவர் அறிவு என்று சொல்லிக்கொள்ளவில்லை. மாட்டில் பாசம் உள்ளவனுக்கு அது தெரியத்தானே வேண்டும் என்பதுபோல் நின்றார்.

அவரைப் பார்த்த பிறகுதான் பெரியபுராணத்தின் சண்டேசர் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தார். சேய்ஞலூர் விசாரசருமர் சிறுவன். ஊர்ப் பசுக்களை மேய்த்தவன் ஒரு பசுவைக் கோலால் அடித்ததைக் கண்டு பொறுக்காமல், மேய்க்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறார். மண்ணியாற்றங்கரையில் நல்ல புல் உள்ள இடம் பார்த்து ஓட்டுகிறார், நல்ல தண்ணீர் காட்டுகிறார், நிழலில் நிறுத்துகிறார். பசுக்கள் தழைத்து, பால் தானாகச் சொரிகிறது. அதற்குப் பிறகுதான் மணலில் இலிங்கம் அமைத்துப் பாலால் ஆட்டும் பகுதி வருகிறது. சிவன் கோயில்களில் அவர் சன்னிதியில் கைதட்டிவிட்டு நகரும் நாம், அபிசேகத்தையும் அதைக் குலைத்த தந்தையின் காலை வெட்டியதையும் நினைக்கிறோம். வழிபாட்டுக்கு முன்னால் வந்த மேய்ச்சலை நினைப்பதில்லை. அந்தப் பால் மிகுந்த பால். பசுவுக்கு முதலில் கிடைத்து, அதன்பின் இறைவனுக்குப் போனது.

திருமூலர் கதையும் அப்படியே. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, சுற்றி நின்று பசுக்கள் கதறின. கயிலையில் இருந்து வந்த யோகி அவற்றின் துயரம் தீர்க்கத் தம் உடலை விட்டு மூலன் உடலில் புகுந்தார். திருமந்திரம் பாடுமுன் அந்த உடம்பால் அவர் செய்த முதல் வேலை, பசுக்களை மேய்த்து, தண்ணீர் காட்டி, மாலையில் வீட்டுக்கு ஓட்டிச் சென்றது. பசுவின் துயரத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் இடையனின் உடம்புக்குள் போக வேண்டியிருக்கிறது என்பதாக நான் இந்தக் கதையைப் படிக்கிறேன். வெளியே நின்று இரங்கினால் போதவில்லை.

அந்தத் திருமூலர்தான், இறைவனுக்கு ஒரு பச்சிலை, உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இனிய சொல் என்று எவராலும் இயன்ற அறங்களைச் சொல்லும் இடத்தில், பசுவுக்கு ஒரு வாய் தீனியையும் வைத்தார். கொழும்பில் அகத்திக்கீரைக் கட்டுடன் வரும் அம்மாமார் எல்லோருக்கும் ஆதாரம் அந்தப் பாட்டுத்தான். ஒரு வாய் என்பது ஏழையும் கொடுக்கக்கூடிய சிறிய அளவு என்றுதான் நானும் முன்பு விளங்கி வைத்திருந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்தீவனம் வேண்டும். 6 கிலோவும் வைக்கல் என்றால் 4 வீதம் புரதம், பசு மெலியும். அதில் ஒரு கிலோவைக் குறைத்து, 4 கிலோ பச்சை அகத்திக்குழையைச் சேருங்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர்; மிஞ்சும் ஒரு கிலோவில் கால் பங்கு புரதம். கூட்டிப் பார்த்தால் மொத்தத் தீவனம் 7 வீத வரம்பைத் தாண்டிவிடுகிறது. நுண்ணங்கிகள் விழித்துக்கொள்கின்றன, அந்த வைக்கலே செரிக்கத் தொடங்குகிறது. கிளிசீரியாக் குழை, முள்முருக்கங் குழை எதுவும் ஏறத்தாழ இதே வேலை செய்யும். யாழ்ப்பாணத்து வேலியில் குழைக்கென்றே மரம் வளர்த்த பழக்கத்தின் உட்பொருள் இதுதான். முழுத் தீனியையும் மாற்ற வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒரு சிறு பங்கு போதும், மீதி எல்லாம் அதனால் உணவாகும். ஒரு வாய் தீனி என்று பாட்டில் நின்றது தொழுவத்தில் அப்படியே பலிக்கிறது.

ஆகவே அகத்திக்கீரை கொடுக்கும் அம்மாமாரை நான் குறை சொல்ல வரவில்லை. கொடுங்கள். வைக்கல் தின்னும் பசுவுக்குக் கொடுங்கள். கட்டியிருக்கும் இறப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். சொப்பின் பையைத் தொழுவத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். இறந்த மாட்டின் வயிற்றில் இருந்து அந்தப் பைகளை உருட்டி எடுத்த கை என்னுடையது. பொங்கலை மனிதர் உண்ணட்டும்.

ஆனால் அறம் தொழுவத்தோடு முடியவில்லை. தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வரும். ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு வர வேண்டும். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று கல்வெட்டுகள் குறித்தன. கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகள் நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இலங்கையிலும் இது நடந்தது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் புத்தருக்கு எரிந்த விளக்குகளையும் அவற்றுக்காகக் கொடுத்த பசுக்களையும் சொல்கின்றன. சிவன் முன்னாலும் புத்தர் முன்னாலும் அணையாமல் எரிந்த வெளிச்சம் புல்லில் இருந்து வந்தது. மந்தை சாகாமல் இருக்க வேண்டுமென்றால் மேய்ச்சல் தரை இருந்தாக வேண்டும். வறண்ட மாதங்களில் நகர்ந்து போக இடம் வேண்டும். கொடுத்தவர்கள் விலங்கை மட்டும் கொடுத்தார்கள். அதைத் தாங்கிய நிலத்தை ஊர் வைத்திருந்தது.

இன்று அந்த நிலத்தைப் பற்றித்தான் சண்டை. மட்டக்களப்பில் பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது. பட்டிகளை மேற்கே மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயலுக்குத் திரும்புவார்கள். மழைக்காலப் புல்லும் அறுவடைத் தாளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு இது; ஒரு கால் போனால் மற்றதும் போகும். அந்த மேய்ச்சல் தரையில் வெளியில் இருந்து வந்தவர்கள் பயிர்ச்செய்கை தொடங்கியதால், 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். வெட்டுக் காயத்தோடு நிற்கும் மாடுகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இதை அரசியல் என்று ஒதுக்கிவிட்டு வெள்ளவத்தையில் கோபூசை செய்ய என் மனம் ஒப்பவில்லை. பூசைக்குரிய பசு ஒன்று கொழும்பிலும், மேய்ச்சலுக்குரிய மாடு வேறொன்று மட்டக்களப்பிலும் இருப்பதாக எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

என் மனைவி யாழ்ப்பாணத்தவர். வெள்ளி தவறாமல் விளக்கேற்றுபவர். நான் இதையெல்லாம் சொல்லும்போது அவர் கேட்டது ஒன்று இன்னும் எனக்குள் நிற்கிறது. "தெரியாமக் குடுத்த சனத்துக்குப் புண்ணியம் இல்லையெண்டு சொல்லுறியளோ? புரதம் படிச்சவைக்குத்தானோ அறம்?" இல்லை. அன்று பொங்கல் ஊட்டிய எவரையும் நான் பாவி என்று எண்ணவில்லை. அறியாதவரின் அன்பு குறைந்த அன்பு இல்லை. ஆனால் அன்பு தானாகவே கேட்கத் தொடங்க வேண்டும்: இது தின்னுமா, எவ்வளவு தின்னும், தின்றபின் எப்படி இருக்கிறது? பிள்ளை பெற்றவள் எவளும் இதைக் கேட்காமல் ஊட்டுவதில்லை. கேட்காமல் கொடுக்கும் இடத்தில் அன்பு பசுவை எட்டாமல் கொடுப்பவரிடமே தங்கிவிடுகிறது. பட்டிக்காரருக்குப் புரதம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. அவர் தினமும் குனிந்து சாணகத்தைப் பார்த்தார்.

அந்தக் கோயிலின் பெரியவரோடு இப்போதும் பேசுகிறேன். கோபூசைக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கை ஆடி முதல் புரட்டாதி வரை வைக்கலும் குழையும் வாங்க ஒதுக்க வேண்டும். தங்கள் தொழுவத்துக்கு மட்டும் இல்லாமல், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் பட்டி வைத்திருப்பவர்களுக்கும் அது போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வைக்கலை யூரியாவில் பதப்படுத்தும் முறையையும் எழுதிக் கொடுத்தேன்: 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர், காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். சபையில் சிலர், பூசைப் பணம் பூசைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. வைக்கல் வாங்குவதும் பூசை என்பது என் வாதம். ஆடிக்கு முன் அடுத்த கூட்டம் வருகிறது; சண்டேசர் கதையில் மேய்ச்சல் வரும் பகுதியை அங்கே வாசிக்க நேரம் கேட்டிருக்கிறேன்.